சாரலுக்கு இறங்கிய கண்ணாடி

அடுத்த தெருவில் அந்த ஜன்னலை உடைத்தவன் யார் என்று தெரிந்ததா என்று ஒரு வாரமாக ஆளாளுக்கு என்னைக் கேட்டுவிட்டார்கள். தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லும் முன்னால் உங்களுக்குத்தானே சொல்வேன்?

தெரிந்தது இவ்வளவுதான். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறவர் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கிற வீடு. கதவைவிடப் பெரிய ஜன்னல். ஜன்னல் முழுக்கக் கண்ணாடி. கதவுக்கு விதவிதமாகப் பூட்டுப் போட்டவர்கள், கண்ணாடிக்குப் பூப்போட்ட திரைச்சீலை போட்டார்கள். வந்தவன் மரியாதை தெரிந்தவன். பூட்டுகளைத் தொடவே இல்லை. ஒரே ஒரு கல். வேலை முடிந்தது.

அன்றிலிருந்து தென்காசியில் எல்லாருமே ஜன்னல் நிபுணர்கள். ஒருவர் மதில்மேல் உடைந்த பாட்டில் பதித்தார். இன்னொருவர் நாய் வாங்கினார். அந்த நாய்க்கு யார் பிஸ்கட் கொடுத்தாலும் வாலாட்டும். தெருவில் இப்போது அதற்குத்தான் நல்ல பெயர்.

இப்படி ஊரே ஜன்னலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது, எங்கள் எதிர்வீட்டு ஹைருன் பீவியின் மகள் ஷஹானாவுக்கு அதிர்ஷ்டம் கொட்டியிருக்க வேண்டும். கொட்டவில்லை.

அவள் வேலையே அதுதான். கார் கண்ணாடிக்கும் வீட்டு ஜன்னலுக்கும் உள்பக்கமாகக் கனத்த பிலிம் ஒட்டுவாள். கறுப்பு பிலிம் இல்லை, தெள்ளத்தெளிவான பிலிம். கல்லால் அடித்தால் கண்ணாடி உடையும், ஆனால் கொட்டாது. உடைந்த துண்டுகளை பிலிம் விடாமல் பிடித்துக்கொள்ளும். திருடன் மறுபடி அடிக்க வேண்டும், அதற்கு மேலும் அடிக்க வேண்டும். அதற்குள் தெருவே எழுந்துவிடும். கணவன் அஃப்சல் ஷார்ஜாவில் இந்த வேலைதான் பார்க்கிறான். அங்கே அவனோடு இருந்தபோது சமையலறை ஜன்னலில் ஒட்டி ஒட்டிக் கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் படிப்புக்காக ஊருக்கு வந்தவள் குற்றாலம் ரோட்டில் கடை போட்டாள்.

“ஒட்டினா ஒட்டினதே தெரியாது” என்று பெருமையாகச் சொல்வாள். அவள் தொழிலுக்கு வந்த கேடே அதுதான். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மந்திரித்த தகடு என்றால்கூட வாசலில் தொங்குமே!

கடை இருக்கும் கட்டடம் அண்ணன் சலீமின் பொறுப்பு. சலீம் கெட்டவன் இல்லை. தான் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். அப்படி நினைக்கிற ஆண்களையெல்லாம் கெட்டவர்கள் என்று ஒதுக்கினால் நம் தெருவில் ஆள் மிஞ்சாது.

போன வாரம் அவன் தங்கையிடம் முடிவாகச் சொல்லிவிட்டான். “தாணுமாலயன் அண்ணாச்சி வண்டி ஆர்டர் கெடைச்சா கடையை நீ வச்சுக்கோ. கெடைக்கலைன்னா சிப்ஸ் கடைக்கு விட்டுருவேன். சீசன் நேரத்துல இப்படி ஈ ஓட்டிக்கிட்டு இருக்க முடியாது.”

தாணுமாலயன் எங்கள் பக்கத்து டிராவல்ஸ் முதலாளி. சீசனில் பாதிக் கூட்டத்தை அருவிக்கு ஏற்றிப்போவது அவர் வண்டிகள்தான். போன வருஷம் அருவிக்கரையில் நிறுத்தின அவர் வண்டிகளில் கண்ணாடி உடைந்ததுதான் பேச்சு. ஏன் உடையாது? அருவியில் நிற்கிற பெண் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு நிற்பாளா? தண்ணீர் அடிக்கிற அடியில் தாலியே கழன்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் கழற்றி, உலர்ந்த பாவாடையில் சுருட்டி, சீட்டுக்கடியில் வைத்துவிட்டுத்தான் போவாள். இந்தச் சுருட்டல் ரகசியம் அவள் புருஷனுக்குத் தெரியுமோ தெரியாதோ, திருடனுக்குத் தெரியும்.

பல நாள் அலைந்து ஷஹானா அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவருடைய இன்னோவாவுக்குத் திங்கட்கிழமை பிலிம் ஒட்டியாயிற்று. புதன்கிழமை ஐந்தருவியில் டிரைவர்கள் முன்னால் அவரே அடித்துப் பார்ப்பார். கண்ணாடி போனால் ஷஹானா மாற்றித்தர வேண்டும். தாங்கினால் எல்லா வண்டியும் அவளுக்கு.

அந்தப் புதன்கிழமையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஷஹானா சாமான் பையோடு காலையிலேயே ஸ்கூட்டரில் போய்விட்டாள். பின்னாலேயே அண்ணாச்சியின் டிரைவர் மாரிராஜ் இன்னோவாவைத் தெருவுக்குள் கொண்டுவந்தான். முன்சீட்டில் சலீம். நடுச்சீட்டில் ஹைருன் பீவி, மடியில் துண்டும் மாற்றுச் சேலையும்.

“நீங்க எங்க உம்மா?” என்றான் சலீம்.

“எம்மவ வேலை செய்யுததைப் பாக்க வாரேன்.”

“துண்டு எதுக்கு?”

“அருவி வரைக்கும் போயிட்டு வறண்ட தலையோடயா திரும்பி வர முடியும்?”

பின்சீட்டு காலியாக இருந்தது. காலி இடத்தை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

வண்டி கிளம்பும் முன்பே மாரிராஜ் கை கூப்பாத குறையாகச் சொன்னான். “பெரியம்மா, கண்ணாடியை மட்டும் இறக்கிராதீங்க. பிலிம் இன்னும் இறுகலை. வெள்ளிக்கெழமை வரைக்கும் தொடவே கூடாதுன்னு ஷஹானாக்கா சொல்லியிருக்காவ.”

“ஏலே, நான் என்ன சின்னப் பிள்ளையா? எம்மவ என்ட்ட சொல்லாததையா ஒன்ட்ட சொல்லியிருக்கா?”

வண்டி மேலகரம் தாண்டியது. மலை தெரிந்தது, தெரிந்தது என்பதைவிட, மேகம் மலையைத் தின்றுகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு காற்று. கண்ணாடியில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.

சாரல்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க முடியாது. மழைக்கு நாங்களும் குடை பிடிப்போம். சாரலுக்குக் குடை பிடித்தால், “உடம்புக்கு என்ன?” என்று கேட்பார்கள். ஒரு வருஷத்து முதல் சாரல் முகத்தில் படாமல் போனால் எங்கள் ஆட்களுக்கு அந்த வருஷமே கணக்கில் வராது. கண்ணாடியை இறக்குவது நாங்கள் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தும்மல் மாதிரி, அது தானே வரும்.

பொத்தானை அமுக்கியது ஹைருன் பீவியின் விரலா, அவருடைய ஐம்பத்தேழு வருஷப் பழக்கமா என்று எனக்கு இப்போதும் சந்தேகம். கண்ணாடி சர்ரென்று இறங்கியது. அவர் கண்ணை மூடி முகத்தை வெளியே நீட்டினார்.

“யா அல்லா! என்ன குளுமை! ஏட்டி பிச்சம்மா, நீயும் இந்தப் பக்கம் வாட்டி.”

“பெரியம்மா!” என்று மாரிராஜ் அலறினான்.

அலறலைக் கேட்டு ஹைருன் பீவி மறுபடி பொத்தானை அமுக்கினார். கண்ணாடி ஏறியது. பிலிம் அதோடு ஏறவில்லை. மேல் ஓரம் ரப்பரில் மாட்டிச் சுருண்டு, ஆறின பாலில் விரல் விட்டால் ஆடை ஒதுங்குமே, அப்படி ஒதுங்கி நின்றது.

ஹைருன் பீவி மெதுவாகத் துண்டை எடுத்து, கண்ணாடி மறைகிற மாதிரி மேலே செருகினார்.

“பிச்சம்மா, நீ ஒண்ணும் பாக்கலை.”

“நான் என்னக்கா பாத்தேன்?”

எல்லாம் பார்த்தேன்.

ஐந்தருவியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் அண்ணாச்சியின் டிரைவர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் தாணுமாலயன், வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டி, கையில் வீல் ஸ்பானரோடு. கல்யாண வீட்டில் வரவேற்கிறவர் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருப்பதுபோல அவ்வளவு மலர்ச்சி.

ஷஹானா ஓடி வந்தாள். கறுப்பு புர்காவின் கையை மடித்துவிட்டிருந்தாள். அவள் கண் முதலில் போனது துண்டுக்குத்தான். கதவைத் திறந்தாள், துண்டை உருவினாள், பார்த்தாள்.

“உம்மா.”

“சாரலுட்டி...”

“ஆமா. சாரல்.”

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் ஹைருன் பீவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தலாமே.

சலீம் தங்கையின் காதருகே குனிந்தான். “ஒண்ணும் ஆகலை. மாரிராஜ், இந்தப் பக்கம் சொவரு ஓரமா வர்ற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்து. அண்ணாச்சிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவோம்.”

இதைக் கவனித்தீர்களா? கடையைப் பிடுங்க நினைக்கிறவன் இவன்தான். தங்கை தோற்கட்டும், ஆனால் நாலு பேர் முன்னால் தோற்கக் கூடாது. அண்ணன்மார்கள் மனசுக்கு யார் திரைச்சீலை போட்டார்களோ.

“வேண்டாம்ணே” என்றாள் ஷஹானா. “நாளைக்கு ஏறுற ஒவ்வொரு ஆளும் இதைத்தான் செய்வான். எத்தனை சொவரைத் தேடுவ?”

திரும்பிக் குரல் கொடுத்தாள். “அண்ணாச்சி, இங்கன வாங்க. இந்தக் கண்ணாடி வீணாப் போச்சு.”

தாணுமாலயன் வந்தார். குனிந்து பார்த்தார். சிரித்தார். முதலாளி சிரித்ததால் டிரைவர்களும் சிரித்தார்கள்.

“என்ன தங்கச்சி, திருடன் வாரதுக்கு முன்னாலயே உரிஞ்சு போச்சே! அவனுக்கு வேலை மிச்சம்.”

“எறுகுறதுக்கு முன்னால எறக்கினா உரியத்தான் செய்யும். ஈரச் சொவத்துல சாஞ்சா சட்டையில ஒட்டும். அதுக்காகச் சுண்ணாம்பு சரியில்லைன்னு சொல்லுவீங்களா?”

“இறக்கினது யாரு?”

ஹைருன் பீவி அருவி இருக்கும் திசையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்தார்.

ஷஹானா சுருண்ட ஓரத்தைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. பிலிம் முழுசாக உரிந்து வந்தது. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். பிறகு தன் கைப்பையைக் கழற்றி அந்த ஜன்னலோரச் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“இப்ப இது வெறுங்கண்ணாடி. முதல்ல இதை அடிங்க. அடிச்சிட்டு அந்தப் பையை எடுங்க.”

அண்ணாச்சி ஸ்பானரை மாரிராஜிடம் நீட்டினார். “நீ அடி.”

“நானா? அண்ணாச்சி, காலையிலதான் தொடைச்சேன்!”

“ஏலே, அடின்னா அடி.”

மாரிராஜ் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். ஒரே அடி. கண்ணாடி முழுக்கக் கற்கண்டு கொட்டின மாதிரி சீட்டில் கொட்டியது. கையை உள்ளே விட்டான், பையை எடுத்தான். நான் ஒரு கொட்டாவி விட்டிருந்தால் பாதிக்கொட்டாவியிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

சிரிப்பு நின்றுபோயிற்று. போன வருஷம் இப்படித்தான் ஒவ்வொரு வண்டியிலும் நடந்தது என்பது டிரைவர்களுக்குத் தெரியும். பறிகொடுத்தவர்கள் யாரைப் பார்த்து, “நீதான் ஆள் காட்டியிருப்பே” என்று கேட்டார்கள் என்பதும் தெரியும்.

“இப்ப அந்தப் பக்கம்” என்றாள் ஷஹானா.

மறுபக்கம் பையை வைத்தாள். மாரிராஜ் இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே அடித்தான். ‘டொப்’. கண்ணாடி ஒரு நொடியில் வெள்ளையாகப் பூத்தது. விழவில்லை. இன்னொரு அடி. விழவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓங்கி அடித்தான். ஸ்பானர் துள்ளித் திரும்பி வந்ததே தவிர, ஓட்டை விழவில்லை. முழங்கையால் தள்ளினான். கண்ணாடி உள்பக்கம் தொப்பை மாதிரி பிதுங்கியது, கிழியவில்லை.

சத்தம் கேட்டு அருவியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு வந்த ஒருவர், “என்ன, படம் எடுக்காங்களா?” என்றார்.

“ஆமா, நீங்கதான் கதாநாயகன். ஒரு அடி அடிங்க” என்றாள் ஷஹானா.

எண்ணெய்க் கையில் ஸ்பானர் வழுக்கியது. அவரும் அடித்தார். அவர் மச்சானும் அடித்தார். கூட்டம் கூடிக்கொண்டே போனது.

“பாத்தீங்களா அண்ணாச்சி?” என்றாள். “இன்னும் அடிச்சா ஒரு கட்டத்துல கிழியும். கிழியாதுன்னு நான் சொல்லலை. ஆனா திருடன் இப்படிக் கூட்டம் கூட்டிட்டா திருடுவான்? மொத அடியில திறக்கலைன்னா அவன் பக்கத்து வண்டிக்குப் போயிருவான்.”

தாணுமாலயன் விரலால் அந்தப் பிதுங்கலைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் மலர்ச்சி போய், கணக்குப் போடும் களை வந்திருந்தது. ஆனால் உடனே தலையை ஆட்டிவிட்டார்.

“சரக்கு நல்ல சரக்குத்தான் தங்கச்சி. ஆனா எனக்கு ஆகாது.”

“ஏன்?”

“ஒட்டிட்டு மூணு நாலு நாளைக்குக் கண்ணாடியை எறக்காதேன்னு சொல்லுத. சீசன்ல வண்டி ஒரு நாள்கூட நிக்காது. குத்தாலத்துக்கு வாரவனைப் பாத்து, சாரல் அடிக்கும்போது கண்ணாடியை எறக்காதேன்னு எவன் சொல்ல முடியும்? அவன் வாரதே அதுக்குத்தானே! ஒங்க உம்மாவாலயே முடியலையே.”

அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஹைருன் பீவி சடாரென்று திரும்பினார். “நான்தான்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைக்கா. துண்டுல பசை ஒட்டியிருக்கு.”

எல்லாரும் துண்டைப் பார்த்தார்கள். ஹைருன் பீவி அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். “சரி, நான்தான் எறக்கினேன். இப்ப என்ன? எம்மவ ஒட்டினதுல கொறை இல்லைல்லா? கொறை எங்கிட்டதானே? அதுக்கு அவளை ஏன் திருப்பி அனுப்புதீரு?”

அண்ணாச்சி மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டார். எங்கள் பக்கம் வேட்டியை இறக்கிவிட்டால் பேச்சு முடிந்தது, கிளம்புகிறேன் என்று அர்த்தம். சலீம் தங்கையைப் பார்த்தான். நான் அப்போதே சொன்னேனே என்கிற பார்வை. சிப்ஸ் கடை அங்கேயே வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஷஹானா நகரவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தண்ணி பெருகி, குளிக்கத் தடை போடுதாங்கள்லா? அன்னிக்கு ஒங்க வண்டியெல்லாம் எங்கன நிக்கும்?”

“ஷெட்டுல நிக்கும். ஒரு பய வர மாட்டான்.”

“டிரைவருங்க?”

“சீட்டு வெளையாடுவானுவ.”

“அன்னிக்கு ஒட்டுதேன்.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார்.

“தடை போட்ட ஒடனே வண்டியை எங்கிட்ட அனுப்புங்க. ஈரக் காத்துல எறுக நேரமாகும், அதுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். எப்படியும் ரெண்டு மூணு நாள் அப்படியே நிக்கும். அப்புறம் ஆளு ஏறும்போது, பின் கண்ணாடிப் பொத்தானெல்லாம் வேலை செய்யாம பூட்டுறதுக்கு டிரைவர் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு. ரெண்டு நாளைக்கு அதைப் போட்டு வச்சா போதும்.”

“இருக்காலே அப்படி ஒண்ணு?” அண்ணாச்சி மாரிராஜைப் பார்த்தார்.

“இருக்கு அண்ணாச்சி.”

“பின்ன இன்னைக்கு ஏன் போடலை?”

மாரிராஜ் ஹைருன் பீவியைப் பார்த்தான். “பெரியம்மா ஏறி ஒக்காந்த பெறகு எப்படி அண்ணாச்சி பூட்டுவேன்?”

அந்த நியாயம் அண்ணாச்சிக்கே புரிந்தது. தாடையைத் தடவிக்கொண்டார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் விசில் சத்தம்.

அருவிப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டே கூட்டத்தை வெளியே விரட்டினார்கள். சோப்பு நுரையோடு ஒருவர், பாதி எண்ணெயோடு இன்னொருவர், செருப்பைக் காணோம் என்று ஒருவர். மலைமேல் நல்ல மழையாம். தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்குகிறதாம். ஐந்தருவியிலும் தடை, பெரிய அருவியிலும் தடை. வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். லாட்ஜில் ரூம் போட்டவர்கள் மேகத்தைத் திட்டினார்கள்.

அத்தனை பேர் முகமும் வாடியிருந்த அந்த இடத்தில் ஒரே ஒரு முகம்தான் பளிச்சென்று இருந்தது. ஷஹானா தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“என்ன அண்ணாச்சி, வண்டியை அனுப்புதீங்களா?”

தாணுமாலயன் வானத்தைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். வேட்டியை மறுபடி மடித்துக் கட்டினார்.

“ஏலே, எல்லா வண்டியையும் தங்கச்சி கடைக்கு விடுங்கலே. ஒருத்தனும் சீட்டுக்கட்டை எடுக்கக் கூடாது.”

ஊர்வலம் என்றால் அதுதான் ஊர்வலம். முன்னால் ஸ்கூட்டரில் ஷஹானா. பின்னால் ஒருபக்கம் கண்ணாடியே இல்லாத இன்னோவா. உடைந்ததால் ஹைருன் பீவிக்குத் திருப்தியாகச் சாரல் கிடைத்தது. அதற்குப் பின்னால் வேன்கள் வரிசையாக. இன்னோவா முன்சீட்டில் சலீம் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான். தங்கை ஜெயித்ததில் அவ்வளவு சந்தோஷமோ என்று நினைத்தேன். எனக்கே சில நேரம் மனிதர்களைப் பற்றி நல்லதாகத் தோன்றிவிடும்.

கடை வாசலுக்கு வந்ததும் காரணம் தெரிந்தது.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே ஷஹானாவின் பிலிம் சுருள்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நடுக்கூடத்தில் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு எண்ணெய்ச் சட்டி. கூரைக் கம்பியில் நேந்திரங்காய்க் குலைகள். செங்கோட்டைப் பக்கத்துச் சிப்ஸ்காரர் பிச்சைமணி அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சலீம் பாய்!” என்றார். “காலம்பற சாவி தந்தீங்கள்லா, ஒடனே வந்துட்டேன். சீசனை விட்டா வேற எப்ப?”

காலம்பற. அதாவது கண்ணாடியை அடித்துப் பார்ப்பதற்கு முன்னால். அதாவது தங்கை ஜெயிக்கலாம் என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவே இல்லை.

ஹைருன் பீவி வண்டியிலிருந்து இறங்கினார். மகன் முன்னால் போய் நின்றார்.

“ஏலே சலீம், காலையில வண்டியில ஏறும்போது சாவி ஒன் பையில இல்லையா?”

“உம்மா, அது வந்து... தோத்துருவான்னு நினைச்சேன்.”

“கண்ணாடியை எறக்கினது நான். உள்ள கையை விட்டது நீயாலே?”

பிச்சைமணி பாவம், அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று விழித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாவி கொடுத்தார்கள், வந்தார். எண்ணெய்ப் புகை அடிக்கிற இடத்தில் பிலிம் ஒட்ட முடியாது. ஒட்டினால் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு சிப்ஸ் தெரியும். வெளியே ஒட்டலாம் என்றால் சாரல். பின்னால் வேன் டிரைவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஷஹானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிலிம் சுருள்களை எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தூக்கி இன்னோவாவின் பின்சீட்டில் என் மடிமேல் வைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் கையை நீட்டினாள்.

“ஒன் வீட்டு கேட்டு சாவியைக் குடு.”

“எதுக்கு?”

“ஒன் போர்ட்டிகோவுல மூணு வண்டி நிக்கும். மேல கூரை இருக்கு, கீழ டைல்ஸ் இருக்கு, தூசி இல்லை. இப்ப அங்க நிக்கது ஒன் ஸ்கூட்டர் ஒண்ணுதான். கடையை நீ குடுத்துட்ட. எடத்தை நான் எடுத்துக்கிடுதேன்.”

“அந்த டைல்ஸ்ல செருப்புகூடப் போட விடுததில்லையே...”

“டயருக்கு நான் சாக்கு விரிக்கேன்.”

சலீம் உம்மாவைப் பார்த்தான். ஹைருன் பீவி பசை ஒட்டின துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “சாவி” என்றார். சாவி வந்தது.

இலஞ்சி போகிற சாலையில் இருக்கிறது சலீமின் புது வீடு. வண்டிகள் வரிசையாகத் திரும்புவதை மாடியிலிருந்தே பார்த்திருக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேரும்போது அவன் மனைவி முஹ்ஸினா கேட்டை அகலத் திறந்துவைத்து நின்றாள். முஹ்ஸினா அதிகம் பேசாதவள். அதனாலேயே அவளைப் பற்றித் தெருவில் அதிகம் பேசுவோம். சண்டை போடுவாள், முகத்தைச் சுளிப்பாள் என்றெல்லாம் நினைத்தோம். அவள் நேரே ஷஹானாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல வேளை வந்த ஷஹானா. நானே ஒன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்.”

“என்ன மைனி?”

“உள்ள வா. ஒன் அண்ணன்ட்ட இன்னும் சொல்லலை. சொன்னா வீட்டையே ஜெயிலாக்கிருவாரு.”

சொல்லாத விஷயத்தைக் கேட்க நாங்கள் எல்லாருமே உள்ளே போனோம். பின்பக்கம் சாமான் அறை. பழைய கட்டில், பெட்டிகள், சலீம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள். ஜன்னலுக்கு நல்ல கனத்த இரும்பு கிரில். அது ஒரு பக்கமாகச் சரிந்து, மேல் மூலையில் ஒரே ஒரு திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றத் திருகுகள் ஜன்னல் திண்டில் வரிசையாக அடுக்கியிருந்தன, யாரோ நிதானமாக எடுத்துவைத்த மாதிரி.

“நேத்து ராத்திரி ஏதோ சத்தம் கேட்டுது. எலின்னு நினைச்சேன். காலையில இவரு போன பெறகு வந்து பாத்தா இப்படி இருக்கு” என்றாள் முஹ்ஸினா.

சலீமின் முகத்தில் ரத்தம் இல்லை. “ஷஹானா, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இந்த வீட்டு ஜன்னலை முடிச்சிரு. எல்லா ஜன்னலும். இன்னைக்கே.”

“முன்னால அண்ணாச்சி வண்டி நிக்கி” என்றாள் ஷஹானா. “வரிசையில வாண்ணே.”

இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஹைருன் பீவி துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

சிரித்தபடியே ஜன்னலிடம் போன ஷஹானா ஒரு திருகை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை. கொண்டியை அசைத்தாள். போட்டது போட்டபடி இருந்தது. திருகு இருந்த துளையில் விரலை வைத்தாள். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

“மைனி.”

“என்ன?”

“கொண்டி உள்ள போட்டிருக்கு. இந்தத் திருகும் உள்பக்கம் மாட்டினது. வெளிய நிக்கவனால இதைத் தொடவே முடியாது.”

முஹ்ஸினா சலீமைப் பார்த்தாள். சலீம் கிரில்லைப் பார்த்தான். போர்ட்டிகோவில் மாரிராஜ் முதல் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். கழற்றின கை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்கே புரிந்துவிட்டது, அவர்களுக்குப் புரியாதா?